கெட்டிமேளம் உங்கள் நாட்டில் கிடைக்காது

1.

இந்தக் கதை லூச்சியில் பிறந்தது. கல்கத்தா ஜாதவ்பூரில் பதிப்புரிமைச் சட்டம் பற்றி ஒரு கருத்தரங்கு. மதியம் லூச்சியும், அதாவது வங்காளிப் பூரியும், உருளைக்கிழங்கு ஆலுர் தமும் உண்டு என்றார்கள், போனேன். பசியில் ஒரே ஒரு விஷயம்தான் காதில் விழுந்தது: இந்தியாவில் கல்யாணச் சடங்கில் பாட்டுப் போட உரிமம் வாங்க வேண்டாம், சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. “ஆனால் அந்த விலக்கு எல்லை தாண்டாது” என்று சொல்லிவிட்டுப் பேச்சாளர் உட்கார்ந்தார். எல்லோரும் சாப்பிடப் போனோம். எனக்குள் மட்டும் ஒரு கல்யாணம் எல்லையில் மாட்டிக்கொண்டு நின்றது.

2.

முதல் வரி: ‘ஹூக்ளி நதியின்மேல் பொன்னிறக் கதிர்கள் மெல்ல—’

வேண்டாம். கல்யாண மண்டபம் தரைக்குக் கீழே இருக்கிறது. கதிர் வராது. போன் சிக்னலே ஒரு கோடுதான் வரும்.

மறுபடியும்: தெற்குக் கல்கத்தாவில் பத்மஜாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண், படிக்க வைத்தவன் அண்ணன் ஜெய்ராம். அவன் இருப்பது எல்லையோர ஊர்: ஜெர்மனியில் வீடு, ஸ்விட்சர்லாந்தில் ஆபீஸ், நடுவில் ஒரு டிராம். புது வேலை என்பதால் லீவு கிடைக்கவில்லை. ‘அண்ணா பார்க்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன்’ என்று பத்மஜா சொல்லிவிட்டாள். ஆகவே இணையத்தில் நேரலை. லேப்டாப் பொறுப்பு சித்தப்பா மகன் முகுந்துக்கு.

நாதஸ்வரக் கோஷ்டி அமையவில்லை. வடக்கத்தி ஷெனாய் வைக்கலாமா என்று யாரோ கேட்டதும் பெரியப்பா பட்டாபிராமன் எழுந்து போய்விட்டார். கடைசியில் முகுந்த் ஒரு ஆல்பத்தை இணையத்திலிருந்து இறக்கினான். காசி யாத்திரை முதல் கெட்டிமேளம் வரை எல்லாம் அதில் இருந்தது.

3.

காசி யாத்திரைக்கு ஸ்பீக்கர் முழங்கிக்கொண்டிருந்தபோது ஜெய்ராம் கூப்பிட்டான்.

“டேய் முகுந்த், படம் போயிடுத்து. ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ன்னு வரது.”

“எது, கல்யாணமா?”

“ஆல்பம்டா! இந்த நாட்டுல அதுக்கு உரிமை வேற எவனோ கம்பெனிக்காரன்கிட்ட இருக்காம். மெஷினே கண்டுபிடிச்சு மூடிடுத்து.”

முகுந்த் மேளத்தை நிறுத்தினான். “இப்போ?”

“இப்போ தெரியறது.”

“விபிஎன் போட்டு வேற நாட்டுல இருக்கற மாதிரி ஏமாத்தேன், ஜெய்தா.” கல்கத்தாவில் வளர்ந்த பையன், அண்ணனை ‘தா’ போட்டுத்தான் கூப்பிடுவான்.

“வீட்டுக்காரம்மா நெட்டுடா இது. முன்னாடி குடியிருந்தவன் நாலு பாட்டு ஷேர் பண்ணிட்டான், வக்கீல் நோட்டீஸ் அந்தம்மா பேருக்கு வந்தது. அதுலேர்ந்து நான் விசில் அடிச்சாலே வந்து எட்டிப் பாக்கறா.”

(வீடியோ கால் போடலாமே என்பீர்கள். போட்டார்கள். ஒரு கோடு சிக்னலில் பத்மஜாவின் முகம் மூன்று சதுரமாக உறைந்தது. நேரலை தேங்கித் தேங்கியாவது ஓடும்; அதில் ஒலியை மட்டும் அணைத்தால் மொத்தமே நின்றுவிடுகிறது.)

(இன்னொன்று. ஜெய்ராமின் டிராம் போய்ச் சேரும் ஸ்விட்சர்லாந்தில், சொந்தமாகக் கேட்கப் பாட்டை இறக்கிக்கொண்டால் தப்பில்லை, பிறருக்கு ஏற்றினால்தான் தப்பு. அதே டிராம், அதே டிக்கெட், அதே காது. ஒரு உவமை வரப் பார்க்கிறது, விரட்டிவிடுகிறேன்.)

4.

“தாலி கட்டறப்போ மட்டும் மேளம் வேண்டாம், பெரியப்பா” என்றான் முகுந்த்.

“மேளம் இல்லாம தாலியா? அந்த நேரம் பார்த்து யாராவது தும்மினா?”

“தும்மினா தும்மட்டுமே.”

“உன் கல்யாணத்துல தும்மட்டும், கேக்கறேன்.”

முதல் வரைவில் இந்தப் பெரியப்பா வெறும் பிடிவாதக்காரர். பிறகு சந்தேகம் வந்தது. கன்னிகாதானம் செய்து கொடுப்பவர் அவர். நாளைக்கு இந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தால்கூட, ‘சொந்தப் பெண்ணாக இருந்தால் இப்படி ஊமைக் கல்யாணம் பண்ணியிருப்பாரா?’ என்பார்கள். அதுவும் ஒரு சட்டம்தான். அதன் எல்லை அந்த மண்டபம்.

“அண்ணா பாக்கறானா?” மணையிலிருந்து பத்மஜா கேட்டாள்.

“மேளம் போட்டா பாக்க முடியாது, பத்மா.”

அவள் மோவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அப்படி இருந்தால் யாராலும் தாலி கட்ட முடியாது.

மறுபடி போன். “நான் டிராம்ல ஏறிட்டேன்டா. எல்லை தாண்டினா ஆபீஸ் வைஃபை. அங்க திறக்கும்னு நினைக்கறேன்.”

“நினைக்கறியா?”

லைன் அறுந்தது.

5.

ஒரு முடிவு: விருந்தாளியாக வந்த வங்காளிப் பெண்கள் குலவை மாதிரி உலு ஒலி எழுப்பிச் சங்கு ஊதுகிறார்கள். அதற்கு எந்த நாட்டிலும் முதலாளி கிடையாது. பெரியப்பா கண்கலங்கி— சுற்றுலாத் துறை விளம்பரம். அடித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு: ஜெய்ராம் போய்ச் சேர்கிறான், படம் திறக்கிறது, சுபம். ஆனால் அந்த ஆல்பத்தின் ஸ்விஸ் உரிமை யாரிடம் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைச் சுபம் என்று எழுதக் கை வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: முகூர்த்தம் முடியப் போகிறது. மாப்பிள்ளை கையில் தாலி. முகுந்தின் போனில் ஒரு மெசேஜ்: ‘ஆபீஸ் வாசல்ல இருக்கேன். ஒரு நிமிஷம்.’ மந்திரம் சொல்லும் வாத்தியார் ஆள்காட்டி விரலை ஆட்டிவிட்டார். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” பெரியப்பா லேப்டாப் பக்கம் திரும்புகிறார்.

முகுந்தை எழுந்திருக்கச் சொல்லிவிட்டேன். நாற்காலி காலி. உட்காருங்கள். மேளத்துக்கு அழுத்த வேண்டியது லேப்டாப் கீபோர்டில் அந்த நீளமான விசை. அழுத்தாமலும் இருக்கலாம்.

பத்மஜா தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி உங்களைப் பார்க்கிறாள். அண்ணா வந்துவிட்டானா என்று கேட்கிறாள்.