நாடகம் முடியும் நேரம்

ஜெசிந்தா கணவனின் காலில் வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். வெடித்த குதிகாலில் துணி சிக்கி, ஏற மறுத்தது. உயிரோடு இருந்தபோதே செருப்பைத் தவிர எதையும் ஏற்காத கால். செத்த பிறகா சொல்பேச்சுக் கேட்கப் போகிறது? நேற்று விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ராஜநாயகம் எழும்பவேயில்லை.

தலைமாட்டில் மகள் ஷெரோமி இருந்தாள். ஒன்பதாம் வகுப்பில், படிப்பு வேண்டாமென்று தோட்டத்து லய வீட்டில் முடங்கிய பிள்ளை. திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் அவளை இழுத்துப் போனது, பள்ளி விட்ட பிறகு ஸுஹைல் சார் நடத்தும் நாடக வகுப்புதான். காலையில் பாடத்துக்கு வராதவர்களுக்கு மாலையில் நாடகம் இல்லை என்பது அவருடைய சட்டம். நாடகத்துக்காகக் கணக்குப் பாடத்தையும் பொறுத்துக்கொண்டாள் மகள்.

ஆனால் நாடக வகுப்பு முடியும் நேரத்துக்கு மேல் அவர்கள் இருந்த தோட்ட டிவிசனுக்கு பஸ் கிடையாது. வேலை முடிந்த கையோடு ராஜநாயகம் இறங்கிப் போய்ப் பள்ளி வாசலில் நின்று, தேயிலைத் தோட்டத்து வழியாக மகளைக் கூட்டி வருவார். நின்று நின்று வசனமெல்லாம் அவருக்கு மனப்பாடம். ராஜா வேஷம் போடும் நஸ்மியா தடுமாறினால், மதிலுக்கு வெளியிலிருந்து எடுத்துக் கொடுப்பாராம். அப்பனுக்கும் மகளுக்கும் கூத்துப் பைத்தியம் என்று ஜெசிந்தா கரித்துக்கொட்டாத நாளில்லை. கொட்டிக்கொண்டே இருவருக்கும் ரொட்டி சுட்டு வைப்பாள்.

கொழும்பிலிருந்து வந்த அண்ணன் அருள்மணி பக்கத்தில் குந்தினார்.

"தங்கச்சி, இனி யாரு இவள இருட்டுல கூட்டியாறது? நாடகம் இல்லன்னா ஸ்கூலுக்கும் போக மாட்டா. முப்பத்தொண்ணாம் நாள் காரியம் முடியட்டும், என்கூட அனுப்பு. கடையில வேல பாத்துத் தாறேன்."

அண்ணன் கெட்டவரில்லை, சொன்னதிலும் பொய்யில்லை. ஜெசிந்தா அடுத்த காலுக்கான காலுறையைக் கையிலெடுத்தாள். ஷெரோமி தாயைப் பார்த்தாள்.

அடக்கத்துக்கு நாடகப் பிள்ளைகள் சீருடையோடு வந்தார்கள். நஸ்மியா பெட்டியருகே நின்று விம்மினாள்.

"மறந்துட்டா இனி யாரு அங்கிள் எனக்குச் சொல்லிக் குடுப்பா?"

அதுவரை அழாத ஜெசிந்தா அப்போதுதான் உடைந்து அழுதாள்.

மண் போட்டுவிட்டு எல்லோரும் திரும்பும்போது, அவள் ஸுஹைல் சாரை நிறுத்தினாள்.

"சார், நாடகம் எத்தன மணிக்கு முடியும்?"

"அஞ்சர ஆயிரும். ஏன் கேக்குறீங்க?"

"பறிச்ச கொழுந்த எட போட்டுட்டு நான் எறங்கி வரக் கொஞ்சம் பிந்தும். அது வரைக்கும் புள்ளைய வாசல்ல தனியா விட்டுறாதீங்க."

சார் தலையாட்டினார். ஜெசிந்தா பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் குறுக்குவழியின் மேல் முனையில் நின்றாள். மழைக்கு மண் சரிந்து வழுக்கலாகக் கிடந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கெங்கே கால் வைக்கலாம் என்று பார்த்தாள்.