இரண்டாம் பக்கத்தில் மங்கையர்க்கரசி

என் மனைவி மங்கையர்க்கரசி போன வாரம் ஒரு இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்துக்குக் குடிபோனாள். வீட்டில் இடமில்லை என்பதுதான் காரணம்.

அவள் சொன்னது நியாயம். வடபழனியில் எங்கள் வீட்டுக்கு ஒரே படுக்கையறை. அதில் தட்டுகள் படுத்திருந்தன. எல்லாம் ஃபங்க், சோல் என்ற கறுப்பின ஆட்டப் பாட்டுகளின் அபூர்வமான தட்டுகள். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில், பகலெல்லாம் ஆலையில் வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் கூடிப் பாடி, கைக்காசு போட்டு அச்சடித்து, விற்காமல் போனவை. விற்காமல் போனதால்தான் அவை அபூர்வம். விற்றிருந்தால் நான் சீண்டியிருக்க மாட்டேன்.

தட்டுகள் சமையலறைக்கும் வந்த அன்று அவள் பெட்டி கட்டினாள்.

"அங்க காத்தோட்டமா இருக்குங்க. பின்பாட்டு பாடுற பொம்பளைங்க ரெண்டே பேருதான். இன்னொரு ஆள் நிக்கலாம்."

சரி என்றேன். அப்போது ஹெட்போன் மாட்டியிருந்தேன்.

எந்தத் தட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. என் தட்டுகள் அத்தனையிலும் நடுவில் இருக்கும் பெயர்ச்சீட்டின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறது. தட்டு சேர்க்கும் எங்கள் ஆட்களிடம் அது வழக்கம். தட்டு சுழலும்போதே எட்டிப் பார்த்துப் பெயரைப் படித்துவிடுகிறவர்கள் உண்டு. அதனால் பெயரை மூடிவிட்டு, யாராவது கேட்டால் பொய்ப் பெயர் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு மறைப்புப் பெயர் என்று பெயர். பாட்டுக்குக் கிடைக்காத மரியாதை நல்ல மறைப்புப் பெயருக்குக் கிடைக்கும். நான் கெட்டியான பசை வாங்கி ஒட்டினேன். உரித்தால் அடியிலிருக்கும் பெயரும் சேர்ந்து வந்துவிடும். எது எந்தத் தட்டு என்று இப்போது எனக்கே தெரியாது. இதற்காகத் தட்டு சேர்ப்பவர்கள் சங்கத்தில் எனக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள்.

அவள் குரலை முதலில் கேட்டது கீழ்வீட்டு ஃபரீதா அக்கா. மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, உங்க வீட்டம்மா நேத்து உங்க பாட்டுக்குள்ள இருந்து பேசுச்சு. கடைசி வரைக்கும் ஓட விட்டா எறங்கி வந்துடுறேன்னுச்சு. நீங்க பாதியில வேற பாட்டுக்கு மாத்திட்டீங்க."

"மிக்ஸ் பழகிட்டு இருந்தேங்கா."

"என்ன கண்றாவியோ. பஸ்ஸ கடைசி ஸ்டாப் வரைக்கும் விட்டாத்தான ஆளு எறங்க முடியும்?"

நான் மேலே போனேன். அதற்குள் சங்கத்திலிருந்து வந்து பிளேயரின் ஊசியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சங்கத்தில் தட்டு போடும் முறை வரும் வாரத்தில் உறுப்பினரின் ஊசி சங்கத்தின் காவலில் இருக்க வேண்டும். பழகிப் பழகித் தட்டைத் தேய்த்துவிடுவோம் என்ற பயம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் முறை.

அதுவரை தட்டுகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தேன். எல்லாத் தட்டும் குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றில் மட்டும் யாரோ பாத்திரம் கழுவுவது போலிருந்தது. பக்கத்து வீடாகவும் இருக்கலாம்.

சங்கத்துக்கு அபூர்வச் செவிச்செல்வர் பேரவை என்று பெயர். ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடி. அதன் படிகள் உள்நோக்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சின்னது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தட்டுப் பெட்டியோடு ஏறினேன். கடைசிச் சுற்றில், இறங்கிக்கொண்டிருந்த என் மீதே இடித்துக்கொண்டேன். அவர் கையில் பெட்டி இல்லை. முகமும் சரியில்லை. வாயைத் திறந்தவர், வழிவிட்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உறுப்பினர்கள் ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். முகம் காட்டிக் கேட்பது பாமரத்தனம். ஆடச் சொல்லிப் பாடிய பாட்டுகள்தான். ஆனால் பேரவையில் யாரும் அசையக் கூடாது. தாளம் போட்டதற்காகப் போன மாதம் ஒருவரின் இடது கால் நீக்கப்பட்டது. மற்றபடி அவர் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

தலைவர் அனந்தபத்மநாபன் முன்னாள் காது டாக்டர். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். பண்பட்ட காதைத் திறந்து போட்டு வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பேச்சு மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிடும். அவரிடம் போய், ஒரே ஒரு பாட்டை மட்டும் முழுதாக ஓட விட வேண்டும் என்று கேட்டேன்.

"முழுப் பாட்டா? அது கல்யாண மண்டபத்துல போடுறது சார்."

"என் மனைவி உள்ள இருக்கா சார். பாட்டு முடிஞ்சாத்தான் வெளிய வர முடியும்."

அவர் கண்ணை மூடி யோசித்தார். முடிவு என்பது விற்பனைக்கு வந்த சரக்கின் குணம் என்றார். அபூர்வமானது எதுவும் முடிவதில்லை, இன்னொன்றில் கரைகிறது என்றார். முதுகு காட்டியபடியே சிலர் இதைக் குறித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு நொடி அமைதி விழுந்தால்கூட ஊசி பறிமுதல் என்பதை நினைவுபடுத்தினார். போன வருஷம் அப்படி விழுந்த அமைதி இன்னும் மூலையில் கிடந்தது. அதன் மேல் குடைகளை வைத்திருந்தார்கள்.

செயலாளர் ஜெசிந்தா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஊசியைக் கொண்டுவந்தார். இரண்டு பிளேயர்கள் தயாராக இருந்தன. ஒன்றில் பாட்டு ஓடும்போதே மற்றதில் அடுத்த தட்டை வைத்து, இரண்டின் தாளத்தையும் ஒன்றாக்கி, தெரியாமல் மாற்றிவிட வேண்டும். இதில் மட்டும் நான் கெட்டிக்காரன். என் வலது கை எனக்கு முன்னால் வேலையை முடித்துவிடும்.

ஆரம்பித்தேன். ஒவ்வொரு தட்டையும் இரண்டாம் பக்கமாகத் திருப்பி வைத்தேன். முதலாவதில் ஒருவர் தன்னை விட்டுப் போனவளைத் திட்டினார். அடுத்ததில் வெறும் டிரம்மும் இருமலும். அதற்கடுத்ததில் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பதாக ஒரு கூட்டமே பாடியது. எதிலும் அவள் இல்லை. யார் முதுகும் அசையவில்லை.

பெட்டி காலியாகிக்கொண்டு வந்தபோது அவள் குரல் கேட்டது.

பின்பாட்டில் மூன்றாவது குரல். இங்கிலீஷ் வார்த்தைகளை அவள் தன் இஷ்டத்துக்கு வளைத்திருந்தாள். இருந்தாலும் நன்றாகப் பாடினாள். அவள் பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. எல்லாரும் நிறுத்தி டிரம் மட்டும் அடிக்கும் இடம் வந்தது. அவள் மைக்குக்குப் பக்கத்தில் வந்தாள்.

"என்னங்க, நீங்கதானா?"

"நான்தான்."

"இத்தோட வந்துடுறேன். பெட்டியெல்லாம் கட்டிட்டேன். மாத்திடாதீங்க, என்ன?"

"மாத்தல."

"ஹெட்போன் போட்டிருக்கீங்களா?"

நான் அதைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

மறுபடியும் எல்லாரும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். பாட்டின் கடைசிப் பகுதி. இந்த மாதிரிப் பாட்டுகள் பட்டென்று முடிவதில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே தூரமாகப் போவார்கள். சத்தம் தேய ஆரம்பித்தது. நடந்து வரும் காலடிச் சத்தம் மட்டும் தேயவில்லை. அது கிட்டே வந்துகொண்டிருந்தது.

குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வலது கையைப் பார்த்தேன். அது அடுத்த பிளேயரில் தட்டை வைத்து முடித்திருந்தது. வேகத்தைச் சரி செய்துகொண்டிருந்தது. வேண்டாம் என்றேன். இடது கையால் பிடித்தேன். வலது கை பழகிய கை. இரண்டு தாளமும் எவர்சில்வர் டப்பாவும் மூடியும் போலப் பொருந்தின. அவ்வளவு சுத்தமாக என் வாழ்க்கையில் எதுவும் பொருந்தியதில்லை. கை மெதுவாகப் பாட்டை மாற்றும் விசையைத் தள்ளியது.

"என்ன..." என்றாள் மங்கையர்க்கரசி. மீதி புதுப் பாட்டின் டிரம்மாக இருந்தது.

முதன்முறையாக முதுகுகள் அசைந்தன. நாற்காலிகள் திரும்பின. ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அந்த மாற்றம் எந்த இடத்தில் நடந்தது என்றே தெரியவில்லை என்றார். எனக்குத் தெரிந்திருந்தது.

"கேக்கக் கூடாதுதான். இருந்தாலும் கேக்குறேன். அந்த மூணாவது குரல் யாரு?"

நான் பொய் சொல்லவில்லை.

"என் மனைவி. பேரு மங்கையர்க்கரசி. வடபழனி."

அரங்கம் ஒரு கணம் அதை ருசித்தது. பிறகு எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் இப்படியொரு மறைப்புப் பெயரை யாரும் வைத்ததில்லை என்றார் தலைவர். ஊரையும் சேர்த்ததுதான் மேதைமை என்றார். என் பெட்டியைப் பேரவையின் பெட்டகத்தில் நிரந்தரமாக வைத்துப் பாதுகாக்கும் தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. அதிலிருக்கும் எதையும் இனி யாரும் தேய்க்கக் கூடாது.

உண்மையாகவே என் மனைவிதான் என்று மறுபடி சொன்னேன். மறுபடி கை தட்டினார்கள்.

தட்டை எடுக்கப் போனேன். அது நின்றிருந்தது. நடுவில், வெள்ளைக் காகிதத்தின் மேல், அவளுடைய நீல வார் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. வாசல் வரை வந்துவிட்டாள்.

தலைவரும் அதைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"செருப்ப வெளிய விடணும் சார். எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளங்கால் படும் இடம் இன்னும் சூடாக இருந்தது.

சூடு ஆறும் வரை அங்கேயே நின்றேன். பிறகு, வெறுங்கையோடு படியிறங்க ஆரம்பித்தேன். முதல் சுற்றில் யாரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்து என் மேல் இடித்தார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் ஹெட்போன் மாட்டியிருந்தார்.

வழிவிட்டேன்.