ஐந்தாவது கையெழுத்து

புகார் மனுவின் அடியில் ஐந்து கையெழுத்துகள் இருந்தன. நான்கு ஆண்களுடையவை. ஐந்தாவது அன்னபுஷ்பத்துடையது. அதற்கு மேலே, ‘இதைப் படித்ததும் எங்கள் மனம் மிகவும் புண்பட்டது’ என்று அவளுடைய அப்பா, கோயில் உபதேசியார் பெரியநாயகம், மணிமணியாக எழுதியிருந்தார்.

அன்னபுஷ்பத்தின் மனம் புண்படவே இல்லை. புகாருக்குக் காரணமான அந்த நோட்டீஸை முதலில் படித்தவளே அவள்தான். பள்ளிக்கூட வராந்தாவில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள். சிரித்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரையோடு ஒரு மைல் நடந்தால் அவர்கள் ஊர் வரும். மாதா கோயில், அதை ஒட்டிப் பங்குப் பள்ளிக்கூடம், பெரிய தெரு, கடைத்தெரு. பெரிய தெருவின் முனையில் இறங்கும் மண்பாதையின் கடைசியில் கீழத்தெரு. அங்கே இருப்பவர்களும் வேதக்காரர்கள்தான். அதே மாதா, அதே ஜெபமாலை. கோயிலுக்குள் மட்டும் இடதுபக்கத் தூண்களுக்கு அப்பால் உட்காருவார்கள். யாரும் உட்காரச் சொன்னதில்லை. யாரும் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் இல்லை.

கிறிஸ்துதாஸ் கீழத்தெருப் பையன். தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்கு அவன்தான் வருஷா வருஷம் நோட்டீஸ் அச்சடித்துத் தருவான். டீச்சராகிவிட்ட அன்னபுஷ்பத்துக்கு ப்ரூஃப் பார்க்கும் வேலை. மூன்று வருஷமாக அவன் நீளத் தாளைக் கொண்டுவந்து நீட்டுவதும், அவள் சிவப்புப் பென்சிலால் திருத்துவதும், ‘இந்தத் தடவை எத்தனை தப்பு டீச்சர்?’ என்று அவன் கேட்பதும் நடந்துகொண்டிருந்தன. போன கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தான். பிரித்தால் ஈய எழுத்துகள், நூலால் கட்டியபடி. திருப்பிப் போட்ட எழுத்தாக இருந்ததால் முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டித்தான் படிக்க முடிந்தது. அவளுடைய பெயர். அதைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

1978ஆம் வருஷம் ப்ரூஃப் தாளின் பின்பக்கமும் அச்சாகியிருந்தது.

“முன்பக்கம் ஃபாதர் குடுத்தது. பின்பக்கம் சும்மாதான கெடக்குது, நான் எழுதினேன்” என்றான். “படிச்சிப் பாருங்க டீச்சர்.”

‘மாதாவுக்கு ஒரு விண்ணப்பம்’ என்று தலைப்பு. ‘அம்மா தாயே! வருஷா வருஷம் தேரில் ஏறி பெரிய தெரு முனைவரை வந்து திரும்பிவிடுகிறாய். பெரிய தெருவுக்கு வழி தெரிகிறது, கடைத்தெருவுக்குக்கூட வழி தெரிகிறது. கீழத்தெருவுக்கு மட்டும் வழி தெரியவில்லையா? உன்னைத் தூக்குகிறவர்களிடம் கேட்டால் உன் இஷ்டம் என்கிறார்கள். உன்னிடமே கேட்டுவிடலாம் என்றுதான்...’

அங்கேதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சிவப்புப் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினாள்: ‘அல்லது உனக்குக் கால் வலியோ? நிறைமாதத்தில் பெத்லகேம்வரை போனவளுக்கு, எட்டுப் பேர் தோள் கொடுத்தும் ஐம்பது அடி வர முடியவில்லையா?’

அவன் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். “போடட்டுமா?”

“போடுங்களேன்” என்றாள் அவள், துணிச்சலாக.

கொடியேற்றத்தன்று நோட்டீஸ் வீடு வீடாகப் போயிற்று. மறுநாள் பூசையில் ஃபாதர் பிரசங்கம் செய்யவில்லை. நோட்டீஸைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அது போதுமாக இருந்தது. பெரிய தெருவே பற்றிக்கொண்டது. எல்லார் வாயிலும் ஒரே வரி. மாதாவுக்குக் கால் வலியாமே! கன்னி மரியாளை நிறைமாதம் அது இதென்று நோட்டீஸிலா போடுவது!

அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“அன்னம், ப்ரூஃப் நீதான பார்த்த?”

“ஆமாப்பா.”

“பின்பக்கம் இருந்துச்சா?”

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இல்லப்பா. முன்பக்கம் மட்டும்தான் காட்டினாரு.”

“அதானே பார்த்தேன். உன்னையும் ஏமாத்தியிருக்கான் ராஸ்கல்.” அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. “அப்போ நீயும் கையெழுத்துப் போடு. இல்லேன்னா ப்ரூஃப் பார்த்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்னு நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க.”

ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்கத்தான் அந்தக் கையெழுத்து. பேனாவில் மை தீர்ந்து பாதியில் நின்றது. அப்பாவே உதறிக் கொடுத்தார்.

ஸ்டேஷனுக்கும் அவளை அழைத்துப் போனார். எஸ்.ஐ. நரசிம்மன் நெற்றியில் நாமம் போட்டவர். நோட்டீஸை இரண்டு தடவை படித்தார்.

“இன்னா உபதேசியாரே, கேள்விதான கேட்டிருக்கான்?”

“கேள்வியா சார் இது? லண்டன்லயே போன வருஷம் ஏசுவைப் பத்திக் கேவலமாப் போட்ட பத்திரிகைக்காரனுக்குத் தண்டனை குடுத்திருக்காங்க. ஃபாதர் பேப்பர்ல காட்டினாரு.”

“குடுப்பான். நம்ம செக்‌ஷனே மதத்தை அவமதிச்சா உள்ள வெக்க வெள்ளைக்காரன் காலத்துல போட்டதுதான? எல்லா சாமிக்கும் இதே செக்‌ஷன்தான்.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “போன மாசம் பக்கத்து ஊர்ல சாமி இல்லன்னு ஒரு மீட்டிங். மைக் வெச்சி ரெண்டு மணி நேரம் என் பெருமாளைக் கிழிச்சான். நான்தான் பந்தோபஸ்து. வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு மோர் சோறு சாப்ட்டேன். பெருமாள் அப்படியேதான் இருந்தாரு.”

“நீங்க பெரிய மனுஷன் சார். எங்க ஜனங்களுக்கு மனசு தாங்கல.”

எஸ்.ஐ. அவள் பக்கம் திரும்பினார். “நீங்க டீச்சராம்மா? படிச்ச பொண்ணு. உங்களுக்கும் மனசு புண்பட்டுதா?”

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கென்றே ஒதுக்கி வைத்தது போல இருந்தது. மேஜைமேல் நோட்டீஸ் விரித்தபடி கிடந்தது. அவளுடைய வரி அச்சில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆமா சார்” என்றாள்.

“ஜாமீன் கெடைக்காத செக்‌ஷன். தெரிஞ்சுதான குடுக்கறீங்க?”

அப்பா தலையாட்டினார். அன்று சாயங்காலமே கிறிஸ்துதாஸை அச்சகத்திலிருந்து கூட்டிப் போனார்கள். நோட்டீஸின் அடியில் சட்டப்படி அச்சகத்தின் பெயரைப் போட்டிருந்தான். தேடவேண்டிய சிரமமே இல்லை. முதலாளி அப்போதே அவன் கணக்கைத் தீர்த்துவிட்டார். ‘யார் எழுதியது?’ என்று கேட்டதற்கு ‘எல்லாம் நான்தான்’ என்று அவன் சொன்னதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

திருவிழா நடந்தது. தேர் பெரிய தெரு முனைவரை வந்து, நின்று, திரும்பியது. அன்னபுஷ்பம் தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தாள். வேட்டுச் சத்தத்தை வைத்தே தேர் எங்கே திரும்புகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

கிறிஸ்துதாஸைக் கூட்டிப் போன பன்னிரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பள்ளிக்கூட கேட்டருகே ஒரு அம்மாள் நின்றாள். கிறிஸ்துதாஸின் தாய் சூசையம்மாள். கோயிலில் தூணுக்கு அப்பால் பார்த்த முகம். பேசியதில்லை.

“ஜெயில்ல அவனைப் பாத்துட்டு வர்றேன் டீச்சரம்மா. இளைச்சிட்டான்.” மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். “போன வாரமே சொன்னான், பொட்டில ஒரு நீளக் காயிதம் கீது, கிழிச்சி அடுப்புல போட்டுடும்மான்னு. எனக்கு எழுத்துத் தெரியாது. எடுத்துப் பாத்தா மேல மாதா படம் அச்சுப் போட்டுகீது. மாதாவ எப்படி அடுப்புல போடறது? பாவமில்ல? வத்தி ஏத்துற மாடத்துல வெச்சிருந்தேன். எலி கடிச்சிடும்போல கீது. உங்ககிட்ட குடுத்தா பத்திரமா இருக்கும்னு எட்தாந்தேன்.”

அன்னபுஷ்பம் பிரித்துப் பார்க்கவில்லை. சிவப்புப் பென்சில் தாளின் மறுபுறத்திலேயே தெரிந்தது.

“இது என்னன்னு அவர் சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லல. யார் கண்லயும் படக்கூடாதுன்னான்.” சூசையம்மாள் தயங்கினாள். பிறகு சட்டென்று இரு கைகளையும் கூப்பினாள். “உங்க மனசு ரொம்ப நொந்துபோச்சாமே டீச்சரம்மா. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தீங்களாமே. அவன் கெட்டவன் இல்ல. அவனுக்கோசரம் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“ஐயோ, கையை இறக்குங்கம்மா” என்றாள். கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கினாள். அந்தக் கைகள் சொரசொரவென்று, சூடாக இருந்தன.

மத்தியானம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நேரே வீட்டுக்கு நடந்தாள். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். தாளை அவர் மடியில் வைத்தாள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவளுக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுத்தவர். யார் எழுத்து என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“அவருக்கு.”

“அவன் வாயைத் திறக்கல?”

“திறக்கலப்பா.”

“கிழிச்சுப் போடு.”

“மாதா படம் போட்டிருக்கு. நீங்களே கிழிங்கப்பா.”

அவர் தாளை இரு கைகளிலும் எடுத்தார். மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். அவளும் கூடப் போனாள்.

ஸ்டேஷனில் அப்பா நின்றபடியே பேசினார். “திருவிழா முடிஞ்சுபோச்சு சார். இள ரத்தம், ஏதோ செய்துட்டான். நாங்க மன்னிச்சுட்டோம். மனுவை வாபஸ் வாங்கிக்கறோம்.”

“ரொம்ப நல்லது. கோர்ட்டுல ஏத்த சர்க்கார் அனுமதி வேணும். ஃபைல் இன்னும் என் மேஜைலதான் தூங்கிகினு கீது. மேல பேசி முடிச்சிடலாம்.” எஸ்.ஐ. சிரித்தார். “பெரிய மனசுதான் உங்களுக்கு.”

மன்னிச்சுட்டோம். பெரிய மனசு. அன்னபுஷ்பத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“மன்னிக்க ஒண்ணுமில்ல சார்” என்றாள். “அந்தக் கால் வலி வரியை எழுதினது நான்தான். அவர் இல்ல.”

அப்பா சுவரைப் பார்த்தார். எஸ்.ஐ. அவளையும், அப்பாவையும், மறுபடி அவளையும் பார்த்தார். பிறகு மைக்கூட்டை எடுத்து ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா” என்றார் தணிவாக. “கேட்டா உள்ள வெக்கணும். உபதேசியார் பொண்ணை நான் எங்க வெப்பேன்? போய் வாங்க.”

அதே வரிதான். அவனுக்குப் பன்னிரண்டு நாள். அவளுக்கு, போய் வாங்க. வெளியே வந்ததும் அப்பா, “இப்ப திருப்தியா?” என்றார். கோபமாகக்கூட இல்லை. தண்டிக்கப்படுகிற தைரியம் தனக்கு வந்ததே, தண்டிக்க மாட்டார்கள் என்று உள்ளூரத் தெரிந்ததால்தானோ என்ற எண்ணம் வழியெல்லாம் அவளைக் குத்திக்கொண்டே வந்தது.

இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துதாஸ் வீடு திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும், வெயில் இறங்காத நேரத்திலேயே, பெரிய தெரு முனைக்குப் போனாள். அங்கே வந்ததும் கால்கள் தானாக நின்றன. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மண்பாதையில் அவள் ஒருநாளும் இறங்கியதில்லை. வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். இறங்கினாள்.

ஐம்பது அடி என்று எழுதியிருந்தாள். நடக்க நடக்கப் பாதை போய்க்கொண்டே இருந்தது. ஒரு புளியமரம், ஒரு குட்டை, ஒரு வளைவு, அதற்கப்புறமும் பாதை. ஐந்நூறு அடிக்குக் குறையாது. வந்து பார்க்காமலே எழுதியிருக்கிறாள்.

சூசையம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் பதறி எழுந்தாள். “டீச்சரம்மா! இவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க? காலு நோவுமே. உள்ள வாங்க, உக்காருங்க.”

உள்ளே கிறிஸ்துதாஸ் இருந்தான்; ஜெயிலில் தலைமுடியை ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். எழுந்து நின்றான். அவள் உட்காரவில்லை.

“அஞ்சாவது கையெழுத்து என்னுதுங்க” என்றாள்.

“தெரியும். ஸ்டேஷன்ல படிச்சிக் காட்டினாங்க.”

“நான் ஏன் போட்டேன்னா...”

“வேணாம் டீச்சர்.” அவன் கூரையைப் பார்த்தான், பிறகு அம்மாவை. “ஐம்பது அடின்னு தப்பாப் போட்டுட்டீங்க. அச்சுக் கோக்கறப்பவே எனக்குத் தெரியும். ப்ரூஃப் பாக்கறவங்க எழுதினதாச்சேன்னு வுட்டுட்டேன்.”

அவன் சிரிக்கிறானா என்று பார்த்தாள். சிரிக்கவில்லை. சூசையம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்னபுஷ்பம் அதை வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு, முழுதும் குடித்தாள்.