எண்பத்தெட்டாம் பக்கத்துக் கதவு

1

இந்தக் கதை ஒரு கதவிலிருந்து வந்தது. பழைய நகைச்சுவைப் படம் ஒன்று. கடைசிக் காட்சியில் கணவனும் மனைவியும் படுக்கையறைக்குள் நிற்கிறார்கள். கதவு அகலத் திறந்து கிடக்கிறது. மறதியா, தணிக்கையா தெரியாது. தணிக்கை என்று வைத்துக்கொண்டு மீதியைக் கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: 1937, ஹாலிவுட். ஆரஞ்சு மரங்கள் பூத்திருந்த ஒரு

வேண்டாம். இருபது வருடமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். மரங்களை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: வெர்னா ஹாலிக் எழுதிய திரைக்கதை தணிக்கை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. அதன் நாயகி டாட், பத்திரிகை நிருபர், விவாகரத்தானவள். கடைசியில் தனியாக ரயிலேறி சிகாகோவுக்கு வேலைக்குப் போகிறாள். அது கூடாதாம். பழைய கணவனையே மறுபடி மணந்து அவனிடம் திரும்ப வேண்டுமாம். வெர்னாவோ அந்த ரயிலுக்காகத்தான் மற்ற எண்பத்தேழு பக்கங்களையும் எழுதியிருந்தாள்.

"திங்கக்கிழமைக்குள்ள அவளைப் புருஷன்கிட்ட சேர்த்துடு," என்றார் தயாரிப்பாளர் க்ராஸ். "இல்லன்னா கெல்லர்கிட்ட எழுதக் குடுத்துடுவேன்."

"கெல்லரா? அவன் அவளுக்கு ரெட்டைப் புள்ளையே குடுத்துடுவானே."

"அதுக்கும் தணிக்கைக்காரங்ககிட்டேயிருந்து கடிதம் வரும். வயிறு தெரியக் கூடாது."

3

(தணிக்கையாளர் ப்ரூயிட்டை முதலில் வில்லனாக எழுதினேன். மெல்லிய உதடுகள், கறுப்புக் கோட்டு. அடித்துவிட்டேன். மனிதர் நாள் முழுக்கத் திரைக்கதை படிக்கிறார், சிரிக்காமலா இருப்பார்?)

"சத்தியமா சொல்றேன் மிஸ் ஹாலிக், டாட் பேசுறதைப் படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சேன்," என்றார் ப்ரூயிட், தன் அலுவலகத்தில்.

"சிரிச்சு முடிச்சுட்டுத்தானே சிவப்புப் பென்சிலை எடுத்தீங்க?"

"முத்தத்தை அஞ்சு இடத்துல வெட்டினேன். அவ வசனத்துல ஒண்ணைத் தொட்டேனா?"

தொடவில்லை. முத்தம் கொடுக்க விடாத இடங்களிலெல்லாம் டாட் பேசித்தான் தீர்த்தாள்.*

"சரி, திரும்பிடுறா. அப்புறம்?"

"அறைக்குள்ள போகட்டும். கதவை மட்டும் சாத்தக் கூடாது. சாத்தினா ஜனங்க என்னென்னவோ நினைப்பாங்க."

"மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டவங்கதானே?"

"ஆனாலும் திறந்தே இருக்கணும்."

வெர்னா மேசையிலிருந்த தாளொன்றை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதை எழுத்துல குடுப்பீங்களா?"

கொடுத்தார்.

* விதிகளுக்கு நன்றி சொல்வதாகப் படிக்க வேண்டாம். கையைக் கட்டியவர்களுக்கு அவள் வாயில் பங்கில்லை.

4

புதிய எண்பத்தெட்டாம் பக்கம். டாட் திரும்பி வந்து படுக்கையறைக்குள் நிற்கிறாள். கணவன் அவள் பெட்டியைத் தூக்கப் போகிறான்.

"வாசல்லயே இருக்கட்டும்."

"கதவைச் சாத்தவா?"

"காத்து வரட்டும்."

"சிகாகோ ரயில் எத்தனை மணிக்கு?"

"எட்டரைக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு. அவள் தொப்பியைக் கழற்றவில்லை. முற்றும்.

க்ராஸ் இரண்டு முறை படித்தார். "இவ இருக்காளா, போறாளா?"

"திரும்பிட்டாளே."

"கதவு ஏன் பப்பரப்பான்னு திறந்து கிடக்கு?"

வெர்னா ப்ரூயிட்டின் கடிதத்தை நீட்டினாள்.

படம் தணிக்கையைத் தாண்டியது. ப்ரூயிட் புரிந்துகொண்டு சிரித்ததாக ஒரு வரி எழுதினேன். புரியவேயில்லை என்று இன்னொன்று. இரண்டையும் அடித்தேன்.

5

டாட்டை ரயிலேற்றிப் பார்த்தேன். வெர்னாவுக்குப் பிடித்திருக்கும். ஆனால் அந்தக் கணவனும் மோசமில்லை. அவன் ஏதோ சொல்ல, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொப்பியைப் பிடித்திருக்கும் ஊசியில் கை வைத்து

மணி எட்டு இருபது. எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. கதவை நீங்கள் சாத்தலாம், உங்களுக்குத் தணிக்கை இல்லை. சாத்துமுன் அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.