தையலக்காவின் முட்டி பெல்ட்

அளவெடுப்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது தையலக்காவின் நினைப்பு. ஆள் தெருமுனையில் வரும்போதே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் சொந்த முட்டியை அளந்ததில் கோட்டை விட்டாள். கஷ்டம், கஷ்டம். சௌகரியமாக உட்கார்ந்து அளந்தாள், கைப்பழக்கத்தில் கொஞ்சம் லூஸும் விட்டாள். அந்த அளவைச் சொல்லி வாங்கி வந்த பெல்ட், சமையலறையிலிருந்து வாசலுக்குப் போவதற்குள் கணுக்காலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"காலைப் பிடிக்கும்னு வாங்கினே. அது தரையப் பிடிச்சிருக்கு," என்றார் வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நக்கலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. முட்டியில் தேய்மானம் என்று டாக்டர் சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் தங்கை பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்திருந்தாள், அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. வாயை மூடினால் மூச்சு முட்டும் அக்காவும் தங்கையும், ஒருத்தி பால்கனியில், ஒருத்தி தெருவில் என்று நின்று கத்திப் பேச வேண்டியதாயிற்று. வீட்டு ரகசியமெல்லாம் தெருவுக்கே அத்துப்படி. தங்கையின் சமையலறையில் காலை நீட்டி உட்கார்ந்து, மாமியாரைப் பற்றி மெல்லிய குரலில் பேச வேண்டும். அக்காவின் ஆசை அவ்வளவுதான்.

மெதுவாக ஏறிப் பார்க்கலாமே என்று அவள் வாயெடுத்தால் வீட்டுக்காரர் மறித்துவிடுவார். "உன் முட்டிக்காகத்தான் சொல்றேன். இந்தா, உனக்குத் துணையா நானும் கீழேயே நிக்கிறேன்ல?" எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று அக்கா உருகிப்போவாள்.

பெல்ட்டை மாற்ற இருவரும் கடைக்குப் போனார்கள். கடை, தங்கை வீட்டுக்கு நேர் எதிரே. கழுத்தில் அளவு நாடாவோடு நின்ற கடைக்காரப் பெண் கேட்டாள்: "அளவு யாரு எடுத்தாங்க, அக்கா?"

"நான் ஒரு டெய்லரும்மா," என்றாள் அக்கா, பட்டும் படாமலும்.

"அதான். நின்னுக்கிட்டுத்தான் எடுக்கணும். லூஸ் விடவே கூடாது. இது காத்தாட இருக்கிற சட்டை இல்லக்கா."

முட்டிச் சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி நாடா சுற்றியது. அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள்.

"தொடைய அளக்க எதுக்குக்கா மூச்சப் பிடிக்கிறீங்க?"

முதலில் வந்தது உறை மாதிரி இழுத்து மாட்டுவது. கால்விரல் மரத்தது. அடுத்ததில் இரண்டு பக்கமும் இரும்புக் கீல். "எண்ணெய் நான் போடறேன்," என்றார் வீட்டுக்காரர். மூன்றாவதில் சில்லுக்கு வட்டமாக ஓர் ஓட்டை, பக்கங்களில் வளைந்து கொடுக்கும் பட்டை, மேலும் கீழும் வெல்க்ரோ. மாட்டியதும் முட்டியை யாரோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்ட மாதிரி இருந்தது. வலி எங்கும் ஓடிவிடவில்லை. கால் மடங்கிவிடுமோ என்ற பயம்தான் போய்விட்டது.

"கொஞ்சம் நடந்து பாருங்கக்கா," என்றதுதான் தாமதம்.

அக்கா வாசல்வரை நடந்தாள். அப்புறம் வாசலைத் தாண்டினாள். சாலையைக் கடந்தாள். "அக்கா, அது இன்னும் பில் போடல," என்று பின்னால் குரல் வந்தது. யார் காதில் விழுந்தது? கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஒவ்வொரு படியாக ஏறினாள். முதல் மாடியில் சிரிப்பு வந்தது. இரண்டாவது மாடியில் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவது மாடியில் தங்கை சோப்பு நுரைக் கையோடு கதவைத் திறந்து, வாயைப் பிளந்து நின்றாள்.

"கதவைச் சாத்துடி, கடையிலேருந்து தேடி வருவாங்க," என்றாள் அக்கா. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்து பால்கனிக்கு வந்தால், கீழே கடைக்காரப் பெண் மூச்சு வாங்க நிற்கிறாள். அவளுக்கும் பின்னால் மெல்ல வந்து சேர்ந்தார் வீட்டுக்காரர்.

"மாமா, மேல வாங்க," என்று தங்கை கூப்பிட்டாள்.

"இல்லம்மா, அக்காவுக்குத் துணையா நான் இங்கேயே..."

"அக்காதான் இங்க இருக்காளே மாமா?"

வீட்டுக்காரர் படிக்கட்டைப் பார்த்தார். மாடியிலிருந்து பார்த்தபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. அவர் உடம்பின் பாரமெல்லாம் வலது காலில் இருந்தது. கிளட்சை மிதித்து மிதித்தே காலம் தள்ளிய இடது முட்டியை அவர் கை தடவிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் தெருவில் அவள் நின்ற அதே நிற்பு.

அடப்பாவி மனுஷா, என் முட்டிக்குப் பின்னாலா உங்க முட்டிய ஒளிச்சு வெச்சீங்க? அக்காவுக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, இரண்டையும் முந்திக்கொண்டு மறுபடி சிரிப்பு வந்தது. கம்பியைப் பிடித்துக் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, நாடா கழுத்துலதானே இருக்கு? அவரையும் நிக்க வெச்சு அளந்துடு. ஒரு நூல்கூட லூஸ் விடாதே."