துருக்கறை அங்கி

என் மூத்தாருக்கு ஞானஸ்நானம் என்று பாஸ்டர் அறிவித்த அன்று, வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுகளை உடைத்தேன். கை தவறிவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரெண்டு தடவையா?" என்று கேட்டார் மனிதர்.

மூத்தார் என்றால் இவருடைய அண்ணன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மூக்கு முட்டக் குடித்துவிட்டு லாரி ஓட்டினார். லாரி பாலத்துச் சுவரில் மோதியது. அண்ணனுக்கு முழங்காலில் அடி. தம்பிக்கு வலது கை தோளோடு போயிற்று. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம். அன்றோடு அந்த ஆளிடம் பேச்சை நிறுத்தினேன். எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

இவர் அப்படியில்லை. ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில் ஒற்றைக் கையால் வேலை பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் அண்ணனின் பங்க்சர் கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார். கேட்டால், "என் அண்ணன்டி, எங்க போவான்?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் அதே ஆஸ்பத்திரியில்தான், சலவைப் பிரிவில். இரண்டு அறை, நடுவில் சுவர். சுவருக்குள் பதித்த பெரிய மெஷினுக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. அழுக்கு விரிப்பு இந்தப் பக்கம் உள்ளே போய், வெந்து, அந்தப் பக்கம் வெளியே வரும். அந்தச் சுத்தப் பக்கம் என் ராஜ்ஜியம். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள். விரிப்பில் மருந்துக் கறை மங்கலாகத் தெரிந்தால் போதும், அதைத் தூக்கிக்கொண்டு அழுக்குப் பக்கம் ஓடுவார்கள். "அடியே, மெஷினுக்குள்ள போய் வந்தாச்சுல்ல? அப்போ சுத்தம்தான். கண்ணுல தெரியுற கறையைப் பார்த்து ஏமாறாத!" என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

சபையிலும் துணி வேலை என்னுடையதுதான். ஞானஸ்நானம் எடுப்பவர்கள் போடுகிற வெள்ளை அங்கிகளை இருபத்திரண்டு வருஷமாக நான்தான் வேகவைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு வைக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு. இவ்வளவு வெளுத்தவளுக்குக் கர்த்தர் ஒரு நல்ல இடம் போட்டு வைத்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். முங்கி எழுகிற தண்ணீர்த் தொட்டியில் இறங்கும் முன், ஞானஸ்நானம் எடுக்கிற ஆள் தான் எப்படி நம்பிக்கைக்கு வந்தார் என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். பிறகு பாஸ்டர், "தடை சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். ஒருவர் எழுந்து நின்றாலும் போதும், ஞானஸ்நானம் ஆறு மாதம் தள்ளிப்போகும். எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் எழுந்ததில்லை. நான் எழுந்திருப்பதாக முடிவு பண்ணிவிட்டேன். பத்தொன்பது வருஷம் கம்மென்று இருந்துவிட்டு, கடைசியில் வந்து முங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஒரு ஆறு மாதமாவது தவிக்கட்டும்.

சனிக்கிழமை இஸ்திரி போடும்போது இன்னொரு அற்ப புத்தியும் வந்தது. பெரிய அளவில் இரண்டு அங்கிகள் இருந்தன. ஒன்று பால் மாதிரி. இன்னொன்றின் நெஞ்சில், எப்போதோ ஆணியில் தொங்கியதில், உள்ளங்கை அகலத்துக்குத் துருக்கறை. எத்தனை தடவை வேகவைத்தும் போகாத கறை. நல்லதை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, துருக்கறை அங்கியை மடித்து மேலே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சபையின் பக்கத்து அறையில் மூத்தாரிடம் அங்கியை நீட்டினேன், முகத்தைப் பார்க்காமல். விரித்துப் பார்த்தார். நெஞ்சில் அந்தக் கறை.

"இது துவைச்சதாம்மா?" என்று கேட்டார். கேலியில்லை, கோபமில்லை.

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். "துவைச்சதுதான்."

"அப்ப சரி" என்று மாட்டிக்கொண்டார்.

அவ்வளவுதான். மோந்து பார்க்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. தன்னை நாயாகக்கூட மதிக்காத ஒருத்தி சொன்ன ஒரு வார்த்தையை நம்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. இருந்தாலும் வீம்பு விடவில்லை. நாற்காலி நுனியில் போய் உட்கார்ந்தேன்.

சாட்சி சொல்ல வந்தார். அழுது புரளப் போகிறார், குடியை விட்ட கதையை அளக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"என் தம்பி கையை நான் போக்கினேன்" என்றார். "அதுக்கு ஈடா நான் எதுவும் செய்யல. செய்யவும் முடியாது. செஞ்சுட்டு வரலாம், செஞ்சுட்டு வரலாம்னே இத்தனை வருஷம் வெளியில நின்னேன். போன வருஷந்தான் புரிஞ்சுது. இயேசு எனக்காகச் செத்தார், எழுந்தார். அதை நம்புறேன். வேற எதுவும் கொண்டு வரல ஐயா. கொண்டு வர என்கிட்ட ஒண்ணும் இல்ல."

இத்தனை வருஷமாக எத்தனையோ பேருடைய சாட்சியைக் கேட்டிருக்கிறேன். இப்படி வெறுங்கையை விரித்து நின்ற ஒருவரையும் பார்த்ததில்லை. அடேயப்பா, என்ன தைரியம் அது! எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. என்னிடம் வெளுத்த துணி மூட்டை மூட்டையாக இருந்தது.

"தடை சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்று பாஸ்டர் கேட்டார்.

எழுந்துவிட்டேன். மனசு இறங்கியும், ஒரு மாதமாகத் தயார் பண்ணி வைத்திருந்த கால் தானாக எழுந்துவிட்டது. சபையே திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் என் சேலையைப் பிடித்து இழுக்கவில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். 'கறையைப் பார்த்து ஏமாறாத!' என்று சலவை அறையில் நான் போடுகிற கூச்சல் என் காதிலேயே கேட்டது.

"அந்த அங்கி..." என்றேன். "நல்லது ஒண்ணு உள்ள இருக்கு. நான்தான் வேணும்னே இதைக் கொடுத்தேன். மாத்திக்கச் சொல்லுங்க."

பாஸ்டர் முழித்தார். "இதுக்காகவாம்மா எந்திரிச்சீங்க?"

"இல்லை ஐயா. வேற ஒண்ணுக்கு எந்திரிச்சேன். அதை விடுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூத்தார் மட்டும் சிரிக்காமல், "வேணாம்மா, இதுவே போதும்" என்று தொட்டிப் பக்கம் திரும்பினார்.

அடிபட்ட முழங்கால், வழுக்குகிற படி. முதல் படியிலேயே தடுமாறினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் எழுந்து போய், இருக்கிற ஒற்றைக் கையை நீட்டினார். மூத்தாரின் கண் அந்தக் கைக்குப் போகவில்லை, காலியாக மடித்துக் குத்தியிருந்த வலது சட்டைக்கைக்குப் போனது. நீட்டிய கையைத் தொடக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"பிடிண்ணே" என்றார் இவர். "தண்ணி ஆறிடப் போகுது."

பிடித்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன், மறைக்கவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கை நீட்டியபடியேதான் இருந்தது, நான்தான் நடுவில் நின்று மறைத்துக்கொண்டிருந்தேன்.

முங்கி எழுந்தார். நான் துண்டை எடுத்துக்கொண்டு படியருகே போனேன். நனைந்த அங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது, அந்தக் கறை முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"அது போகாது அத்தான்" என்றேன். "ஆனா சுத்தம்தான்."

"அதான் அப்பவே சொல்லிட்டியேம்மா" என்று துண்டை வாங்கிக்கொண்டார்.