செவிட்டு மைக்

கீத் பாஸ்கோ வீட்டுப் படுக்கையறையில் மைக்கை நிறுத்தும்போதே எனக்கு எரிச்சல். பக்கத்துக் காற்றாலைக்காரர்கள் முன்பு அளக்க அனுப்பிய மகராசன், தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடும் பொத்தானைப் போட்டபடியே அளந்துவிட்டு, சத்தம் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போயிருந்தான். தேடுவதையே வடிகட்டினால் எப்படிக் கிடைக்கும்? பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருட்டு என்றதாம்.

ஒலி அளக்கும் எங்கள் தொழிலுக்கு உயிர், மைக்குக்கு அடுத்து நிற்கும் ப்ரீஆம்ப் பெட்டி. பாட்டுக்காரர்களின் ப்ரீஆம்ப் குரலுக்கு மெருகேற்றும். அளப்பவனுடையது எதையும் சேர்க்கக் கூடாது, விழுங்கக் கூடாது. வந்ததை வந்தபடியே பெரிதாக்கித் தரவேண்டும். மனிதர்களில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

கீத்தும் நானும் பள்ளியில் ஒன்றாகக் கால்பந்து ஆடியவர்கள். அவன் மனைவி லோர்னாவுக்கு ஒரு வருடமாகத் தூக்கமில்லை. அணைக்காத பஸ் ஒன்று வாசலில் நிற்பதுபோல ஓயாத உறுமலாம். கீத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சத்தம் இருக்கிறது என்று பெட்டி சொன்னால், ஆடுகளையும் நிலத்தையும் விற்றுவிட்டு அடிலெய்டு நகரத்துக்குப் போவது. இல்லை என்றால், அவள் இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

சாயங்காலம் வரை ஓடவேண்டுமே என்று பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகினேன். தாழ்ந்த ஒலியை வெட்டும் பொத்தானை அணைத்துவிட்டேன். திரையின் இடது ஓரத்தில் ஒரு கோடு வேலிக்கம்பம்போல எழுந்து நின்றது. தாழ்ந்த ஒலி எந்தப் பக்கம் தெரியும் என்று லோர்னா முன்பே என்னிடம் கேட்டு வைத்திருந்தாள். கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

“அதோ நிக்குது பாரு, கீத்.”

கீத் தொப்பியைக் கழற்றினான். “என்ன மன்னிச்சிரு, லோர். உனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு பப்புல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

அவள் அழுதுகொண்டே தேநீர் போடப் போனாள். அவன் நிலத் தரகருக்குப் போன் போட்டான். பொறுடா, இன்னும் ஒரு சோதனை பாக்கி என்றேன். அவன் காதில் விழவில்லை.

மைக்கைக் கழற்றிவிட்டு அதே அளவில் ஒரு உலோக மூடியைத் திருகுவோம். அதற்கு எதுவும் கேட்காது. நாங்கள் செவிட்டு மைக் என்போம். அப்போதும் திரையில் ஏதாவது வந்தால், அது பெட்டியின் சொந்தச் சத்தம். திருகினேன். கோடு அசையாமல் நின்றது. சுவர் மின்சாரத்தின் உறுமல் அது. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டி, மைக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கோடு இல்லை.

சமையலறையில் அதைச் சொன்னேன். கீத் போனை வைத்துவிட்டான். லோர்னா மூடியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

“இதுக்கு எதுவும் கேக்காது. இருந்தும் கோடு வந்துச்சு. அப்ப சத்தம் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு, இல்லையா?”

ஆமாம் என்றேன்.

அவள் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கீத் அவள் கைகளை இறக்கப் பார்த்தான், அவள் விடவில்லை.

“தினமும் இப்படிப் பொத்திக்கிட்டுத்தான் படுக்கிறேன். பொத்துனா இன்னும் பெருசாக் கேக்குது. அத நான் யார்கிட்டயும் சொல்லல.”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“பெட்டிக்கு நீ பிளக்கப் புடுங்குன, டெஸ்,” என்றாள் என்னைப் பார்த்து. “எனக்கு?”